எறிபந்திலிருந்து புவியீர்ப்பு முடுக்கம்: எந்த முறையைத் தேர்ந்தெடுப்பது?

எறிபொருள் இயக்கத்தை வைத்துப் புவியீர்ப்பு முடுக்கத்தைக் கண்டுபிடிக்கப் பல வழிகள் இருக்கின்றன. மேசை விளிம்பிலிருந்து குண்டை உருட்டிவிடலாம். ஸ்பிரிங் துப்பாக்கியால் சுடலாம். பந்தைத் தூக்கிப் போட்டு செல்போனில் வீடியோ எடுக்கலாம். குழாயிலிருந்து பீய்ச்சும் தண்ணீரின் வளைவைப் படம் பிடிக்கலாம். கையில் இருக்கும் கருவியைப் பார்த்து முறையைத் தேர்ந்தெடுப்பதுதான் வழக்கம். அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இந்தச் சோதனையில் கடிகாரம் எங்கே இருக்கிறது?

முடுக்கத்தின் அலகு மீ/வி². மீட்டரை ஸ்கேல் தந்துவிடும். வினாடியையும் ஏதாவது ஒன்று தந்தாக வேண்டும். நேரத்தை எங்குமே அளக்காத ஒரு சோதனை 9.8 என்று விடை கொடுத்தால், அந்த 9.8 நாமே உள்ளே போட்டதாகத்தான் இருக்கும்.

கடிகாரம் இல்லாத சோதனைகள்

இந்தப் பொறி ஆய்வகத்தில் அடிக்கடி அகப்படுவது சாய்தளச் சோதனையில். சாய்தளத்தின் மேல் குண்டை வைத்து விடுகிறோம். அது மேசை விளிம்பைத் தாண்டித் தரையில் கார்பன் தாள் மேல் விழுகிறது. இறங்கிய உயரத்திலிருந்து ஆற்றல் அழியா விதிப்படி வேகத்தைக் கணக்கிட்டு, அந்த வேகத்திலிருந்தும் குண்டு போய் விழுந்த தூரத்திலிருந்தும் முடுக்கத்தை எடுத்துவிடலாம் என்று தோன்றும். எழுதிப் பார்த்தால் நடப்பது வேறு. நழுவாமல் உருளும் திண்மக் கோளத்துக்கு வேகம்² = (10/7) × முடுக்கம் × சாய்தள உயரம். மேசையிலிருந்து விழும் நேரம்² = 2 × மேசை உயரம் ÷ முடுக்கம். இரண்டையும் பெருக்கினால் தூரம்² = (20/7) × சாய்தள உயரம் × மேசை உயரம். முடுக்கம் அடிபட்டுப் போய்விட்டது. இதே மேசையையும் சாய்தளத்தையும் நிலவில் வைத்து உருட்டினாலும் குண்டு அதே இடத்தில்தான் விழும்.

கலிலியோ 1608இல் இத்தாலியின் படுவா நகரில் செய்தது இதே சோதனைதான். 828 புந்தோ உயர மேசை. ஒரு புந்தோ ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. 300 புந்தோ உயரத்திலிருந்து விட்ட குண்டு 800 புந்தோ தள்ளியும், 1000 புந்தோவிலிருந்து விட்டது 1500 தள்ளியும் விழுந்ததாக அவர் கையெழுத்துத் தாளில் இருக்கிறது. மேலே உள்ள சூத்திரம் 842, 1538 என்று தருகிறது. உருளும் குண்டின் சுழற்சி ஆற்றலைப் பற்றி எதுவும் தெரியாத காலத்தில் எடுத்த அளவு என்பதை நினைத்தால் வியப்பாக இருக்கிறது. ஆனால் அவர் தேடியது முடுக்கத்தின் மதிப்பை அல்ல. தூரம், உயரத்தின் வர்க்கமூலத்தைப் போலக் கூடுகிறதா என்றுதான் பார்த்தார். அதைப் பார்க்க இந்தச் சோதனைக்குக் கடிகாரம் வேண்டாம்.

தண்ணீர்ச் சோதனையிலும் அதே கதை. தொட்டியின் நீர்மட்டத்தை வைத்து டாரிசெல்லி விதிப்படி (துளைக்கு மேல் உள்ள நீரின் உயரத்திலிருந்து பாயும் வேகத்தைத் தரும் விதி) வேகத்தைக் கணக்கிட்டால் முடுக்கம் அடிபட்டுப் போகும். வாளி நிரம்பும் நேரத்தை அளந்து, பாய்வு வீதத்தைத் துளையின் பரப்பால் வகுத்து வேகத்தை எடுத்தால் முடுக்கம் கிடைக்கும். அங்கே வாளிதான் கடிகாரம். ஆனால் 4 மி.மீ. துளையில் 0.1 மி.மீ. பிழை வந்தால் பரப்பில் 5 சதவீதமும் முடுக்கத்தில் 10 சதவீதமும் பிழையாகும். வளைவு பரவளையம் என்று காட்டுவதற்கு மிக நல்ல சோதனை. எண்ணுக்கு இதை நம்ப வேண்டாம்.

ஸ்பிரிங் துப்பாக்கியில் கவனிக்க வேண்டியது, அதன் எறிவேகம் எப்படிக் கிடைத்தது என்பது. கிடைமட்டமாகச் சுட்டு, முடுக்கம் 9.8 என்று வைத்து வேகத்தைக் கணக்கிட்டு, பிறகு அதே வேகத்தை 45 பாகைச் சோதனையில் போட்டால் 9.8 திரும்பி வரும். வராமல் வேறெங்கே போகும்?

மேசை விளிம்பும் போட்டோகேட்டும்

சாய்தளச் சோதனைக்கு ஒரு கடிகாரத்தைக் கொடுத்துவிட்டால் அது உருப்படியாகிவிடும். விளிம்புக்கு அருகே, கிடைமட்டப் பகுதியில் போட்டோகேட் (குண்டு ஒளிக்கதிரை மறைக்கும் நேரத்தை அளக்கும் கருவி) வைத்து வேகத்தை நேராக அளக்கிறோம். முடுக்கம் = 2 × உயரம் × வேகம்² ÷ தூரம்². 19 மி.மீ. எஃகுக் குண்டு, 80 செ.மீ. உயரம், வினாடிக்கு 2 மீட்டர் வேகம் என்றால் குண்டு 0.40 வினாடி காற்றில் இருந்து, விளிம்பிலிருந்து சுமார் 81 செ.மீ. தள்ளி விழும். இந்த அமைப்பு மேசைமேல் அடக்கமாக நிற்கும், ஒரு வகுப்பு நேரத்துக்குள் முடியும், கணினி வேண்டாம்.

இதன் பலவீனம் வேகத்தில் இருக்கிறது. ஒரே கேட்டை வைத்து, குண்டின் விட்டத்தைக் கதிர் மறைந்த நேரத்தால் வகுத்தால், கதிர் குண்டின் நடுவே போயிருக்க வேண்டும். 3 மி.மீ. மேலோ கீழோ தள்ளிப் போனால், மறைக்கும் நீளம் 19 மி.மீ. அல்ல, 18 மி.மீ.தான். வேகம் 5 சதவீதம் கூடுதலாகத் தெரியும். வர்க்கம் என்பதால் முடுக்கம் 11 சதவீதம் கூடும். 10.8 என்று விடை வரும் சோதனைகளில் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான். 10 செ.மீ. இடைவெளியில் இரண்டு கேட் வைத்தால் இந்தச் சிக்கல் தீரும். அப்போதும் கேட்டுகளின் இடைவெளியில் 1 மி.மீ. பிழை முடுக்கத்தில் 2 சதவீதம். பெட்டிகளின் நடுவை ஸ்கேலால் அளக்காமல், குண்டை மெல்ல நகர்த்தி, விளக்கு எரியும் இரண்டு இடங்களைக் குறித்து அவற்றின் இடைவெளியை அளக்க வேண்டும்.

அடுத்தது விளிம்பின் சாய்வு. தளம் 1 பாகை கீழ்நோக்கிச் சாய்ந்திருந்தால் குண்டு சீக்கிரம் தரையைத் தொடும், தூரம் 0.9 சதவீதம் குறையும், முடுக்கம் 1.8 சதவீதம் கூடும். ரசமட்டத்தை மேசைமேல் வைத்துப் பார்ப்பது போதாது, குண்டு கடைசியாக ஓடும் 5 செ.மீ. மேல் வைக்க வேண்டும். தூரத்தை மேசைக் காலிலிருந்து அளக்காமல், விளிம்பிலிருந்து தொங்கும் தூக்குக்குண்டின் முனையிலிருந்து அளக்க வேண்டும். உயரம் என்பது விளிம்பில் இருக்கும் குண்டின் அடிப்பாகத்திலிருந்து கார்பன் தாளின் மேற்பரப்பு வரை. எல்லாம் சரியாக அமைந்தால் 2 முதல் 3 சதவீதத்துக்குள் விடை வரும். அதற்குமேல் இந்த முறையிடம் எதிர்பார்ப்பதில் பயனில்லை.

பந்தைத் தூக்கிப் போட்டு வீடியோ எடுப்பது

எறிபொருளை வைத்தே முடுக்கத்தைக் கண்டுபிடிக்க வேண்டும் என்றால் எங்கள் தேர்வு இதுதான். இங்கே பிரேம் வீதம்தான் (வினாடிக்கு எத்தனை படம் என்பது) கடிகாரம், அதுவும் பிழையே இல்லை என்று சொல்லத்தக்க கடிகாரம். எறிவேகமோ கோணமோ தெரிந்திருக்க வேண்டியதில்லை. பந்தின் செங்குத்து நிலையை நேரத்துக்கு எதிராக வரைந்து ஒரு பரவளையத்தைப் பொருத்தினால், நேரம்²-இன் கெழுவை இரட்டித்தால் முடுக்கம்.

கீழே போடுவதைவிட மேலே எறிவது ஏன் மேல் என்பதற்கு இரண்டு காரணங்கள். முதலாவது, பறக்கும் நேரம். 78 செ.மீ. உயரத்திலிருந்து விழ 0.4 வினாடிதான்; அதே உயரத்துக்கு எறிந்து திரும்பி வர 0.8 வினாடி. பரவளையப் பொருத்தத்தின் பிழை நேரத்தின் வர்க்கத்தால் குறைகிறது, புள்ளிகள் கூடுவதால் இன்னும் குறைகிறது. வினாடிக்கு 30 பிரேம், புள்ளிக்கு 2 மி.மீ. பிழை என்று வைத்தால், 0.4 வினாடி வீடியோவில் முடுக்கத்தின் பிழை சுமார் 0.1 மீ/வி², 0.8 வினாடியில் 0.02. நேரத்தை இரட்டித்ததற்கு ஐந்து மடங்குக்கும் மேல் ஆதாயம்.

இரண்டாவது, காற்றுத் தடை. ஏறும்போது அது புவியீர்ப்போடு சேர்ந்து இழுக்கிறது, இறங்கும்போது எதிர்த்து இழுக்கிறது. உச்சிக்கு இரு பக்கமும் சம நேரத்துக்கான புள்ளிகளை எடுத்தால் அதன் பெரும்பகுதி தானாகவே கழிந்துவிடும். விழுவதை மட்டும் எடுத்தால் கழியாது. இங்கிலாந்தின் தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் ஏ.ஹெச். குக் 1960களில் புவியீர்ப்பு முடுக்கத்தை மிகத் துல்லியமாக அளந்ததும் கண்ணாடிப் பந்தை வெற்றிடத்தில் மேலே எறிந்துதான்.

அதற்காகப் பந்து எதுவாகவும் இருக்கலாம் என்று பொருள் இல்லை. வினாடிக்கு 4 மீட்டர் வேகத்தில் டேபிள் டென்னிஸ் பந்தின் மேல் காற்றுத் தடை அதன் எடையில் 20 சதவீதம். போதாததற்குக் காற்றின் மிதப்பு விசை 1.5 சதவீதம்; அது ஏறும்போதும் இறங்கும்போதும் ஒரே திசையில் இருப்பதால் கழியவே கழியாது. டென்னிஸ் பந்துக்குத் தடை 3 சதவீதம், கிரிக்கெட் பந்துக்கு 1 சதவீதம், 19 மி.மீ. எஃகுக் குண்டுக்கு அரை சதவீதத்துக்கும் கீழே. எஃகுக் குண்டு வீடியோவில் மிகச் சிறிதாகத் தெரியும், தரையையும் உடைக்கும். கிரிக்கெட் பந்தே வசதி. சிவப்புப் பந்தானால் வெள்ளைச் சுவர், வெள்ளைப் பந்தானால் நிழலான பின்னணி.

எடுக்கும் விதம் இப்படி. தரையில் சாக்பீஸால் சுவருக்கு இணையாக ஒரு கோடு. பந்து அந்தக் கோட்டின் மேலேயே போக வேண்டும். செல்போன் 3.5 மீட்டர் தள்ளி, ஸ்டாண்டில், பரவளையத்தின் நடு உயரத்தில். அகலக் கோண லென்ஸ் வேண்டாம். சாதாரண லென்ஸிலும் படத்தின் ஓரங்களை விட்டுவிட்டு நடுப்பகுதியில் இயக்கம் முழுவதும் அடங்கட்டும். ஒரு மீட்டர் ஸ்கேலை அதே கோட்டின் மேல் செங்குத்தாகப் பிடித்து முதலில் சில வினாடி எடுத்துக்கொண்டு, பிறகு எறிய வேண்டும். வெயில் அவசியம். 1/60 வினாடி ஷட்டரில் 4 மீ/வி பந்து 7 செ.மீ. கோடாக இழுபடும், 1/1000 வினாடியில் 4 மி.மீ.தான். மாலை நேரத்து வகுப்பறை விளக்கில் எடுத்தால் படம் இழுபடுவதோடு, வெளிச்சம் போதாமல் செல்போன் தானாகவே பிரேம் வீதத்தைக் குறைத்துவிடவும் கூடும்.

வீடியோவில் பந்தின் நிலையைப் பிரேம் பிரேமாகக் குறிக்க உதவும் டிராக்கர் என்ற கணினி மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. வாட்ஸ்அப்பில் அனுப்பிய வீடியோவை அதில் போடக் கூடாது. வாட்ஸ்அப் மறுபடி சுருக்குவதில் பிரேம்கள் குறையக்கூடும். கேபிளில் மாற்றிக்கொள்ளுங்கள். கையை விட்ட பிறகு இரண்டாவது பிரேமிலிருந்து தொடங்கி, பந்தின் நடுவைக் குறிக்க வேண்டும். இழுபட்ட கோடாகத் தெரிந்தால் எப்போதும் கோட்டின் நடு. நிலையிலிருந்து வேகம், வேகத்திலிருந்து முடுக்கம் என்று மென்பொருள் காட்டும் அட்டவணையைப் பார்க்கவே வேண்டாம். அடுத்தடுத்த பிரேம்களின் வித்தியாசத்தை இரண்டு முறை எடுக்கும்போது, 2 மி.மீ. பிழை 30 பிரேமில் 4 மீ/வி² ஆகவும், 240 பிரேமில் 280 மீ/வி² ஆகவும் பெருகும். வேகமான கேமரா வாங்கியும் வரைபடம் ஏன் தாறுமாறாகக் குதிக்கிறது என்ற குழப்பத்துக்கு விடை இதுதான். எல்லாப் புள்ளிகளுக்கும் சேர்த்து ஒரே பரவளையம் பொருத்துவதுதான் வழி.

தவறான விடையே தவறின் பெயரைச் சொல்லிவிடும் என்பது இந்த முறையின் நல்ல குணம். 4.9 வந்தால் கெழுவை இரட்டிக்க மறந்தாயிற்று. 0.15 வந்தால், 240 பிரேமில் எடுத்த ஸ்லோமோஷனை மென்பொருள் 30 பிரேம் என்று நினைத்துக்கொண்டது. நேரம் 8 மடங்கு, முடுக்கம் 64-இல் ஒரு பங்கு. 0.61 என்றால் 120 பிரேம். 9.45 அளவில் வந்தால் ஸ்கேல் பந்தின் தளத்தைவிடக் கேமராவுக்கு அருகில் இருந்திருக்கும்: 3 மீட்டர் தூரத்தில் 10 செ.மீ. முன்னால் இருந்தால் 3.3 சதவீதம் குறைவு. இந்தக் கடைசிப் பிழைதான் வீடியோ முறையின் உண்மையான எல்லை. புள்ளி குறிப்பதில் எவ்வளவு நேரம் செலவிட்டாலும் இது தீராது. ஸ்கேலைச் சரியான தளத்தில் பிடிப்பதில் ஒரு நிமிடம் செலவிட்டால் தீரும். கேமரா ஓரிரு பாகை பக்கவாட்டில் சாய்ந்திருப்பதைப் பற்றிக் கவலை வேண்டாம்: 2 பாகைக்கு 0.06 சதவீதம்தான்.

ஒன்று சொல்ல வேண்டும். பெரும்பாலான செல்போன் கேமராக்கள் படத்தை வரிவரியாகப் படிக்கின்றன. படுக்கையாகப் பிடித்தால் மேல் வரிக்கும் கீழ் வரிக்கும் சில மில்லிவினாடி வித்தியாசம் இருக்கும்; விழும் பந்து அதில் சற்று முன்பின்னாகப் பதியும். நிமிர்த்திப் பிடித்தால் அந்த விளைவு கிடைத்திசைக்கு மாறிவிடும், செங்குத்து அளவு தப்பிக்கும். 240 பிரேமில் முழுப் படத்தையும் 4 மில்லிவினாடிக்குள் படித்தாக வேண்டியிருப்பதால் விளைவே சிறிது.

கணினி இல்லை என்றால் பரவளையப் பொருத்தமும் தேவையில்லை. சுவரில் 60 செ.மீ. இடைவெளியில் இரண்டு கிடைக்கோடுகள் போடுங்கள். சுவர் பந்தின் தளத்துக்குப் பின்னால் இருப்பதால் பந்து சுவரை ஒட்டியே போக வேண்டும். பந்து கீழ்க்கோட்டை ஏறும்போது கடந்ததற்கும் இறங்கும்போது கடந்ததற்கும் இடைப்பட்ட நேரம் ஒன்று, மேல்கோட்டுக்கு இன்னொன்று. பிரேம்களை எண்ணியே எடுத்துவிடலாம். முடுக்கம் = 8 × இடைவெளி ÷ (கீழ்நேரம்² − மேல்நேரம்²). கீழ்நேரம் 0.800, மேல்நேரம் 0.386 வினாடி என்றால் 4.8 ÷ 0.491 = 9.78. இதற்கு 240 பிரேம் வேண்டும். 30 பிரேமில் கோட்டைக் கடந்த நேரம் பிடிபடாது.

ஒலியால் நேரம் எடுப்பது

ஜெர்மனியின் ஆகென் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் உருவாக்கிய ஃபைஃபாக்ஸ் செயலியில் ஒலி நிறுத்துக் கடிகாரம் இருக்கிறது: முதல் சத்தத்தில் தொடங்கி, அடுத்த சத்தத்தில் நிற்கும். ஸ்கேல் நுனியில் குண்டை வைத்து, ஸ்கேலைச் சுத்தியால் பக்கவாட்டில் தட்டிவிட்டால் தட்டிய சத்தம் தொடக்கம், தகரத் தட்டில் விழுந்த சத்தம் முடிவு. முடுக்கம் = 2 × உயரம் ÷ நேரம்². பக்கவாட்டில் கொஞ்சம் வேகம் கிடைத்துவிட்டாலும் பரவாயில்லை, எறிபொருளின் செங்குத்து இயக்கம் அதைக் கண்டுகொள்வதில்லை.

இதில் ஒரே ஒரு இடம்தான் வழுக்கும்: செல்போனை எங்கே வைப்பது. 1.5 மீட்டர் உயரச் சோதனையில் போனைத் தரையில் வைத்தால், தட்டிய சத்தம் 4 மில்லிவினாடி தாமதமாக வந்து சேரும், முடுக்கம் 1.6 சதவீதம் கூடுதலாகத் தெரியும். பாதி உயரத்தில் வைத்தால் இரண்டு சத்தத்துக்கும் ஒரே தாமதம், கழிந்துவிடும். மின்விசிறியை நிறுத்துங்கள். உயரத்தை 0.5 மீட்டரிலிருந்து 2 மீட்டர் வரை மாற்றி, நேரத்தை உயரத்தின் வர்க்கமூலத்துக்கு எதிராக வரையுங்கள். சாய்விலிருந்து முடுக்கம் வரும்; குண்டு விடுபடுவதில் ஏதாவது தாமதம் இருந்தால் அது வெட்டுத்துண்டில் ஒதுங்கிவிடும். கல்லூரி ஆய்வகங்களின் மின்காந்த அமைப்பில், மின்சாரத்தை நிறுத்திய பிறகும் மிச்சக் காந்தம் குண்டைச் சில மில்லிவினாடி பிடித்து வைப்பதற்கும் இதே வரைபடம்தான் மருந்து. ஒரு சதவீதத்துக்குள் விடை வருவது கடினமில்லை.

எதற்கு எது

வெறும் எண்தான் வேண்டும் என்றால் எறிபொருளை விட்டுவிட்டுத் தனி ஊசலுக்குப் போங்கள். ஒரு மீட்டர் ஊசல் 50 அலைவுக்கு 100 வினாடி எடுக்கும், கைத்தவறு 0.2 வினாடி என்றாலும் முடுக்கத்தில் 0.4 சதவீதம்தான். வீச்சு 5 பாகைக்குள் இருக்கட்டும். 10 பாகையில் 0.4 சதவீதம் குறைவாக வரும். ஒரு ரூபாய்ச் செலவில்லாமல் மேலே சொன்ன எல்லாவற்றுக்கும் சமமாகவோ மேலாகவோ நிற்கும் முறை இது.

எறிபொருளைப் புரிந்துகொள்வதும் நோக்கம் என்றால் வீடியோ. கிடைத்திசையில் சம இடைவெளி, செங்குத்தில் கூடிக்கொண்டே போகும் இடைவெளி இரண்டும் ஒரே படத்தில் கண்ணுக்குத் தெரிவது இதில் மட்டும்தான். நாற்பது பேர் வகுப்பில் ஐந்தாறு செல்போன் இருந்தால் நடத்திவிடலாம். கணினி இல்லாமல், ஒரே ஒரு போனுடன் வீட்டில் செய்பவருக்கு ஒலி முறை. போட்டோகேட் முறையை, ஆய்வகத்தில் அது ஏற்கெனவே இருந்தால் மட்டும் எடுங்கள். இதற்காக வாங்க வேண்டாம். அதன் மதிப்பு, பிழை எப்படிப் பெருகுகிறது என்று மாணவர்களுக்குக் காட்டுவதில்தான்.

கிடைத்த எண்ணை எதனோடு ஒப்பிடுவது என்பதிலும் கவனம் வேண்டும். 9.80665 என்பது 1901இல் சர்வதேச மாநாடு ஏற்றுக்கொண்ட நியம மதிப்பு. தோராயமாக 45 பாகை அட்சரேகையில் கடல் மட்டத்துக்குரியது. நிலநடுக்கோட்டுக்கு அருகே முடுக்கம் குறைவு. 1672இல் பாரிஸிலிருந்து, தென் அமெரிக்காவில் நிலநடுக்கோட்டுக்கு அருகே உள்ள கயேனுக்குப் போன வானியலாளர் ழான் ரிஷேர், தன் வினாடி ஊசலை ஏறக்குறைய 3 மி.மீ. குறைக்க வேண்டியிருந்தது இதனால்தான். அட்சரேகைச் சூத்திரப்படி கன்னியாகுமரியில் 9.781, யாழ்ப்பாணத்தில் 9.782, சென்னையில் 9.783. 100 மீட்டர் உயரே போனால் 0.0003 குறையும், அது இந்தச் சோதனைகளில் தெரியாது. ஆனால் 9.81-க்கும் 9.78-க்கும் உள்ள 0.3 சதவீதம், கவனமாகச் செய்த ஊசலிலும் நல்ல வீடியோவிலும் எட்டும் தொலைவில்தான் இருக்கிறது. எனவே 9.78 வந்த மாணவரைப் புத்தகத்தில் உள்ள 9.81-க்காக மறுபடி செய்யச் சொல்லக் கூடாது. ஸ்கேல் தளத்தில் 3 செ.மீ. ஐயம், 3.5 மீட்டர் தூரம் என்றால் பிழை 0.9 சதவீதம், பதிவேட்டில் 9.7431 என்று எழுதாமல் 9.74 ± 0.08 என்று எழுதச் சொல்லுங்கள், அந்த 0.08 எங்கிருந்து வந்தது என்று பக்கத்திலேயே ஒரு வரியுடன்.